உள்நோக்கம் எதுவும் இல்லை

1

1997ஆம் வருஷம். தாம்பரத்தை ஒட்டி ஒரு ஏற்றுமதி ஆடைக் கம்பெனி. பெயர் வேண்டாம். என் சின்னம்மா அங்கே பிசிறு வெட்டும் வேலை பார்த்தார். தைத்து வரும் சட்டையில் தொங்குகிற நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டி, செக்கிங் மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஆறு மணி. ஷிப்மெண்ட் இருந்தால் ராத்திரி ஒன்பது. அன்றைக்குப் பெருங்களத்தூரில் அவரோடு ரயில் ஏறிய பெண்களில் பலர் இப்படிப்பட்ட கம்பெனிகளுக்குப் போனவர்கள். அவர்களிலும் நிறையப் பேர் நம் சேரிப் பெண்கள்.

ஒருநாள் ஒரு கட்டு வெள்ளைச் சட்டையில் எண்ணெய்க் கறை. மிஷின் எண்ணெய். யார் கையில் பட்டது என்று தெரியாது. முதலாளியே லைனுக்கு வந்துவிட்டார். சட்டையைத் தூக்கிச் சின்னம்மா முகத்துக்கு எதிரே பிடித்து, "சேரிக் கை பட்டா கறை படியாம வேற இன்னா படியும்?" என்று கேட்டார். அதோடு நிற்கவில்லை, சாதிப் பெயரையும் சேர்த்துச் சொன்னார். அப்போது அந்த லைனில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். நாற்பது மிஷினும் ஒரு நிமிஷம் நின்றது என்று சின்னம்மா சொல்வார்.

சின்னம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரணக் காரியமில்லை. பத்து நாள் கழித்து விசாரணை என்று கூப்பிட்டார்கள். விசாரணை நடந்தது முதலாளி ரூமில். விசாரித்தவர் ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி, முதலாளிக்குத் தெரிந்தவர். உட்கார்ந்திருந்தது முதலாளி நாற்காலியில். சின்னம்மாவை நிற்க வைத்தே மூன்று கேள்வி கேட்டாராம். அடித்தாரா? சம்பளத்தைப் பிடித்தாரா? கெட்ட எண்ணத்தோடுதான் சொன்னார் என்று உனக்கு எப்படித் தெரியும்?

"மூணாவது கேள்விக்கு இன்னா பதில் சொல்றது பாப்பா? அவரு மனசுக்குள்ள பூந்தா பாக்க முடியும்? எங்காதுல வுழுந்தத சொன்னேன். அவருக்கு அது வேணாமாம்."

கடைசியில் ஒரு தாளை வாசித்துக் காட்டினார்கள். முதலாளி வேலை அவசரத்தில் கோபமாகப் பேசியது உண்மை. அதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. இனி இரு தரப்பும் ஒற்றுமையாக நடந்துகொள்ள வேண்டும். கீழே நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆறு மாதத்துக்குள் நாலு பேரில் மூன்று பேருக்கு வேலை இல்லை. மிஞ்சிய ஒருவர் சின்னம்மா. வீட்டில் மூன்று பிள்ளைகள். வாயை மூடிக்கொண்டு இன்னும் ஏழு வருஷம் பிசிறு வெட்டினார்.

'உள்நோக்கம் எதுவும் இல்லை' என்ற இந்த வார்த்தையைக் கால் நூற்றாண்டு கழித்து நான் மறுபடி பார்த்தது ஓர் அமெரிக்க விசாரணை அறிக்கையில். இந்தக் கட்டுரை அந்த வார்த்தையைப் பற்றியது.

2

அமெரிக்காவில் கூடைப்பந்து என்பது கோடிக்கணக்கான டாலர் புரளும் தொழில். என்.பி.ஏ. என்கிற தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் 30 அணிகள். விளையாடுகிறவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பு மக்கள். அணிகளை உடைமையாக வைத்திருப்பவர்களில் பெரும்பான்மையோர் வெள்ளைப் பணக்காரர்கள். யார் உடம்பு உழைக்கிறது, யார் பெயரில் பத்திரம் இருக்கிறது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரத்து அணி 'சன்ஸ்'. ராபர்ட் சார்வர் என்ற வங்கித் தொழிலதிபர் தன் கூட்டாளிகளோடு 2004இல் 40.1 கோடி டாலருக்கு அதை வாங்கினார். அதே ஊரின் பெண்கள் அணியான 'மெர்க்குரி'யும் அவர் கைக்கு வந்தது. 2021 நவம்பர் 4ஆம் தேதி, இ.எஸ்.பி.என். நிறுவனத்தின் நிருபர் பாக்ஸ்டர் ஹோம்ஸ் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அணியில் வேலை செய்த, அப்போதும் செய்துகொண்டிருந்த 70க்கும் மேற்பட்டவர்களிடம் பேசி எழுதியது அது. கறுப்பு மக்களை அடிமைச் சந்தையில் கூவிய அந்தச் சொல்லை முதலாளி வாய்விட்டுச் சொல்வார், பெண் ஊழியர்களிடம் ஆபாசமாகப் பேசுவார், அலுவலகமே பயத்தில் ஓடுகிறது என்று அவர்கள் சொன்னார்கள்.

ஒரு சம்பவம் மட்டும் சொல்கிறேன். 2016 அக்டோபரில் ஓர் ஆட்டத்தில் தோற்ற பிறகு முதலாளி பயிற்சியாளர் அறைக்குள் வருகிறார். எதிரணிக் கறுப்பு வீரர் ஒருவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினாரே, அவர் மட்டும் சொல்லலாமா என்று, அந்தச் சொல்லைத் தானே திரும்பத் திரும்பச் சொல்கிறார். அப்போது அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஏர்ல் வாட்சன். அவர், நீங்கள் அதைச் சொல்லக் கூடாது என்று நேருக்கு நேர் சொன்னதாகப் பேட்டி கொடுத்தார். சார்வர் இந்தக் குற்றச்சாட்டுகளை மறுத்தார்.

சங்கம் விசாரணைக்கு உத்தரவிட்டது. வாக்டெல் லிப்டன் என்ற பெரிய சட்ட நிறுவனத்தை அமர்த்தியது. பத்து மாதம் நடந்தது. 320 பேரை விசாரித்தார்கள். 80,000க்கும் மேற்பட்ட ஆவணங்களைப் பார்த்தார்கள். 2022 செப்டம்பர் 13ஆம் தேதி 43 பக்க அறிக்கை வெளியானது. அதில் உறுதியானவை இவை: பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் சாக்கில் அந்தச் சொல்லைக் குறைந்தது ஐந்து முறை சொல்லியிருக்கிறார். பெண் ஊழியர்களை ஆண்களுக்குச் சமமாக நடத்தவில்லை. கர்ப்பமாக இருந்த ஓர் ஊழியரிடம், நீ தாயான பிறகு உன்னால் இந்த வேலை செய்ய முடியாது என்று பேசியிருக்கிறார். ஊழியர்களிடம் கத்தி, திட்டி அவமானப்படுத்தியிருக்கிறார்.

இவ்வளவையும் உறுதிசெய்த அறிக்கை ஓரிடத்தில் வந்து நிற்கிறது. இந்த நடத்தைக்கு இனப் பகையோ பாலினப் பகையோ காரணம் என்ற முடிவுக்குத் தாங்கள் வரவில்லை என்கிறது. நம் கம்பெனித் தமிழில் சொன்னால், உள்நோக்கம் எதுவும் இல்லை.

தண்டனை: ஒரு வருஷம் அணிப்பக்கம் வரக்கூடாது, ஒரு கோடி டாலர் அபராதம். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 80 கோடி ரூபாய். சங்க விதியில் இருந்த உச்ச அபராதம் அதுதான். மறுநாள் ஆணையர் ஆடம் சில்வரிடம் நிருபர்கள் கேட்டார்கள்: இதே காரியத்தை ஓர் ஊழியர் செய்திருந்தால் வேலையில் வைத்திருப்பார்களா? அணியை உடைமையாக வைத்திருப்பவருக்கு ஊழியருக்கு இல்லாத உரிமைகள் உண்டு என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அந்த ஆணையர் யார்? 30 முதலாளிகளும் கூடி அமர்த்துகிற ஆள். அவர் அமர்த்தியது அந்தச் சட்ட நிறுவனம். விசாரித்த ரூம் பெரியதுதான். ஆனால் நாற்காலி யாருடையது?

அடுத்த எட்டு நாளில் நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். லெப்ரான் ஜேம்ஸ், அதே பீனிக்ஸ் அணியின் கிறிஸ் பால் போன்ற கறுப்பு வீரர்கள் இந்தத் தண்டனை போதாது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அணியின் சிறு பங்குதாரர்களில் ஒருவரான ஜாம் நஜாபி, சார்வர் விலக வேண்டும் என்றார். அணியின் சட்டையில் விளம்பரம் போட்டிருந்த பேபால் நிறுவனம், சார்வர் நீடித்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்றது. செப்டம்பர் 21ஆம் தேதி, அணியை விற்கப்போவதாகச் சார்வர் அறிவித்தார். அறிக்கையால் ஆகாதது ஆடுகிறவர்களின் வாயாலும் விளம்பரக்காரரின் பணப்பையாலும் ஆயிற்று.

ஆனால் அவர் நஷ்டப்பட்டுப் போனார் என்று யாரும் நினைக்க வேண்டாம். 400 கோடி டாலர் என்று மதிப்பிட்டு அணியை மேட் இஷ்பியா என்ற தொழிலதிபருக்கு விற்றார்கள். 2023 பிப்ரவரியில் கைமாற்றம் முடிந்தது. வாங்கியதைப் போலப் பத்து மடங்கு.

3

இதற்கு எட்டு வருஷம் முன்னால், 2014 ஏப்ரலில், லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணியின் முதலாளி டொனால்ட் ஸ்டெர்லிங் பேசிய ஓர் ஒலிப்பதிவு வெளியே வந்தது. கறுப்பு மக்களைத் தன் அணியின் ஆட்டத்துக்குக் கூட்டி வராதே என்று தன் தோழியிடம் சொல்கிற பதிவு. அணி வீரர்கள் தங்கள் மேல்சட்டையை உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அணியின் பெயர் தெரியாதபடி மைதானத்தில் நின்றார்கள். நாலே நாளில் ஸ்டெர்லிங்குக்கு ஆயுள் தடை, 25 லட்சம் டாலர் அபராதம். அணி 200 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அவர் 1981இல் அதை வாங்கியது 1.25 கோடி டாலருக்கு.

இந்த மனிதர் வீடுகளை வாடகைக்கு விடும் தொழில் செய்தவர். கறுப்பு மக்களுக்கும் லத்தீன் அமெரிக்க மக்களுக்கும் வீடு தர மறுத்தார் என்று அமெரிக்க நீதித்துறையே அவர்மேல் வழக்குப் போட்டது. 2009இல் சுமார் 27 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார். அப்போது கூடைப்பந்துச் சங்கம் அவர்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை. வீடு மறுக்கப்பட்ட குடும்பங்களின் சாட்சியம் ஐந்து வருஷம் கோப்பில் கிடந்தது. பணக்காரர் வாயிலிருந்தே வந்த குரல் நாலு நாளில் வேலை செய்தது. காரணம் என்ன? பாதிக்கப்பட்டவர் சொன்னால் அது புகார். முதலாளி தானே சொன்னால்தான் அது ஆதாரம்.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை என்று வீடு தேடி அலைந்த எந்தத் தலித் குடும்பத்துக்கும் இது புரியும். 'வெஜிடேரியன் ஒன்லி' என்று போர்டு போடுகிறார்கள். அதில் சாதிப் பெயர் எங்கே இருக்கிறது? சாப்பாட்டைத்தானே சொன்னோம், உள்நோக்கம் எதுவும் இல்லையே என்பார்கள்.

4

அமெரிக்கக் கூடைப்பந்து முதலாளி கதை நமக்கெதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தங்களுக்குப் பெயர் வைத்தபோது கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்தே வைத்தார்கள். அதற்கும் முன்னால், 1946இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டூ பாய்சுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சொன்னார். இந்தத் தொடர்பு நாம் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல.

அம்பேத்கருடைய வாழ்க்கையிலேயே வேலையிடம் ஒன்று வருகிறது. வெளிநாட்டில் படித்துத் திரும்பி 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அலுவலகப் பியூன்கள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் தூரத்திலிருந்து அவர் மேசைமேல் வீசினார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து, கையில் தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. அவரைப் படிக்க வைத்தவரே பரோடா மன்னர்தான். நல்ல மன்னர் என்று பெயர் எடுத்தவர். நல்ல முதலாளி இருந்தும் அந்த ஆபீசில் ஒரு தீண்டப்படாத மனிதர் உட்கார்ந்து வேலை பார்க்க முடியவில்லை. ஆகவே பிரச்சினை முதலாளியின் மனசு நல்லதா கெட்டதா என்பதில்லை. அவமானப்பட்டவர் போய்ச் சொல்ல ஓர் இடம் இருக்கிறதா, அந்த இடம் யாருடைய பிடியில் இருக்கிறது என்பதுதான்.

5

நம் நாட்டில் அப்படி ஓர் இடம் எப்படி வந்தது? 1992இல் ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற குயவர் சாதிப் பெண், அரசுத் திட்டத்தில் கிராம ஊழியர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக ஆதிக்க சாதி ஆண்கள் அவரைக் கூட்டு வன்புணர்ச்சி செய்ததாக வழக்கு. 1995இல் ஜெய்ப்பூர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. வேலை செய்யப் போன இடத்தில் நடந்த இந்தக் கொடுமைக்கு வேலை கொடுத்தவர் பொறுப்பில்லையா என்ற கேள்வியோடு பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1997 ஆகஸ்ட் 13ஆம் தேதி விசாகா தீர்ப்பு வந்தது. சின்னம்மா முதலாளி ரூமில் நின்ற அதே வருஷம். அந்தத் தீர்ப்பு வந்த செய்தி தாம்பரத்துக் கம்பெனிகளின் கேட்டைத் தாண்டவில்லை.

அந்தத் தீர்ப்பு 16 வருஷம் கழித்து, 2013இல் சட்டமானது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்கிறது அது. குழுவை அமைப்பது யார்? முதலாளி. புகாரே முதலாளிமேல் என்றால்? அதற்கு இந்தச் சட்டத்தில் வழி உண்டு. மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். இந்த ஒரு விதியை நம் பெண்கள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆனால் சாதி சொல்லித் திட்டினால்? அதற்கு இப்படி ஒரு குழுவை இந்தச் சட்டம் தரவில்லை. நேரே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்தான். 1989இல் இயற்றி 1990 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம். இழிவுபடுத்தும் நோக்கத்தோடு, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் அவமதித்தால் குற்றம் என்கிறது. 2015 திருத்தத்தில், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது தனிக் குற்றமாகவே சேர்க்கப்பட்டது. அதிலும் 'பொதுமக்கள் பார்வையில்' என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. நோக்கம் ஒரு பூட்டு, பார்வை ஒரு பூட்டு.

இந்தப் பூட்டுகளை நீதிமன்றங்கள் எப்படிப் பார்த்தன? 2020 நவம்பரில் உத்தராகண்ட் வழக்கொன்றில், வீட்டின் நாலு சுவருக்குள் நடந்தது பொதுமக்கள் பார்வையில் நடந்ததாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றம், கட்டட வேலை நடந்த இடத்தின் அடித்தளத்தில் சாதி சொல்லித் திட்டியதாக வந்த வழக்கை ரத்து செய்தது. அங்கே இருந்தவர்கள் கூட வேலை செய்தவர்களும் நண்பர்களும்தானே, அவர்கள் பொதுமக்கள் ஆவார்களா என்பது காரணம். 2025 ஜனவரி 31ஆம் தேதி, நம் திருச்சி மாவட்டம் லால்குடி வழக்கு. 2021இல் வருவாய்த் துறை அலுவலர் ஒருவரை அவருடைய அலுவலகத்திலேயே, மனு விஷயமாக வந்தவர் சாதி சொல்லித் திட்டினார் என்பது புகார். அறைக்குள் நடந்தது, கூட வேலை செய்கிறவர்கள் பிறகுதான் வந்தார்கள், ஆகவே பொதுமக்கள் பார்வையில் நடக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது.

இந்த வழக்குகளில் திட்டியவர்கள் முதலாளிகள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தீர்ப்பின் விளைவு முதலாளிக்குத்தான் பெரிய வசதி. வேலையிடம் என்றாலே நாலு சுவர்தான். கூட இருப்பவர் என்றாலே சக வேலையாட்கள்தான். சின்னம்மாவின் லைனில் இருந்த நாற்பது பெண்களும் பொதுமக்கள் இல்லையென்றால், வேறு யார் பொதுமக்கள்? கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியை நிறுத்தி வெளியாளை உள்ளே விடாமல் வைத்திருப்பதும் முதலாளி. வெளியாள் யாரும் பார்க்கவில்லையே என்று லாபமடைவதும் முதலாளி.

விளையாட்டுத் துறையிலேயே இங்கேயும் ஒரு சம்பவம் உண்டு. 2023 ஜனவரியில் மல்யுத்த வீராங்கனைகள், தங்கள் கூட்டமைப்பின் தலைவரும் ஆளுங்கட்சி எம்.பி.யுமாக அப்போது இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங்மேல் பாலியல் புகார் சொன்னார்கள். அவர் மறுத்தார். விளையாட்டு அமைச்சகம் மேரி கோம் தலைமையில் ஒரு குழு போட்டது. அந்தக் குழுவின் முழு அறிக்கை மக்கள் பார்வைக்கு வரவில்லை. ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய பெண் ஜந்தர் மந்தர் நடைபாதையில் படுத்து, உச்ச நீதிமன்றக் கதவைத் தட்டிய பிறகுதான் ஏப்ரல் 28ஆம் தேதி டெல்லி போலீஸ் வழக்கே பதிந்தது. 2024 மே மாதம் டெல்லி நீதிமன்றம் அவர்மேல் குற்றச்சாட்டுகளை வரையறுத்தது. நாடறிந்த வீராங்கனைகளுக்கே இந்தக் கதி என்றால் பிசிறு வெட்டுகிறவர் எந்தக் கதவைத் தட்டுவது?

6

ஒரு கதவு திண்டுக்கல்லில் திறந்தது. அது திறந்த விலை ஓர் உயிர்.

2021 ஜனவரி முதல் வாரம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் காணாமல் போனார். ஐந்தாம் தேதி பிணமாகக் கிடைத்தார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். அந்தப் பெண் தனக்கு நேர்ந்த தொல்லையை வீட்டில் சொல்லியிருந்தார். அவர் சேர்ந்திருந்த சங்கம், தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம். சாவு ஒரு குடும்பத்தின் துக்கமாக முடிந்துவிடாமல் பார்த்துக்கொண்டது அந்தச் சங்கம்தான்.

அந்த ஆலையில் தைத்த துணி எச் அண்ட் எம் போன்ற உலகக் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பு என்ற வாஷிங்டன் அமைப்பு, முதலாளியும் அரசும் கூப்பிடாமலே விசாரணை நடத்தியது. ஆலைக்கு வெளியே, பெண்கள் பயமில்லாமல் பேசக்கூடிய இடத்தில் பேசியது. ஒரு சூப்பர்வைசரோடு நிற்கிற விஷயமில்லை இது, ஆலை முழுக்கப் பெண்கள் துன்புறுத்தப்படுகிறார்கள் என்று வெளியே வந்தது.

2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. சங்கம், ஈஸ்ட்மேன், எச் அண்ட் எம், ஆசியத் தளத்தில் கூலிக்காகப் போராடும் ஆசியா ஃப்ளோர் வேஜ் கூட்டணி, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்பு ஒன்று எல்லாம் கையெழுத்திட்டன. பிறகு கேப், பி.வி.எச். கம்பெனிகளும் ஒப்புக்கொண்டன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். அதில் மூன்று விஷயம் முக்கியம். ஒன்று, பாலினக் கொடுமையோடு சாதிப் பாகுபாடும் பெயர் சொல்லி எழுதப்பட்டது. இரண்டு, சங்கம் தேர்ந்தெடுக்கும் பெண்கள், 25 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், தளத்திலேயே கண்காணிப்பாளர்களாக இருப்பார்கள். மூன்று, நிறுவனம் ஒப்பந்தத்தை மீறினால் துணி வாங்கும் கம்பெனிகள் வியாபார ரீதியாக நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். முதலாண்டு அறிக்கையின்படி, எழுந்த புகார்களில் பெரும்பகுதி தீர்க்கப்பட்டது. 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இந்த ஒப்பந்தத்துக்குள் வந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், அவர்களிலும் தலித் பெண்களும் வெளிமாநிலப் பெண்களும் அதிகம்.

பீனிக்சிலும் திண்டுக்கல்லிலும் முதலாளியை அசைத்தது பணத்தின் கயிறுதான். அங்கே விளம்பரக்காரர், இங்கே துணி வாங்குகிறவர். ஆனால் பீனிக்சில் அந்தக் கயிறு பேபால் நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. அது மனசு வைத்தது, இழுத்தது. திண்டுக்கல்லில் கயிற்றின் ஒரு நுனி சங்கத்தின் கைக்கு வந்தது, எழுத்து மூலமாக. பீனிக்சில் முதலாளி மாறினார். அடுத்து வந்தவரும் முதலாளிதான். திண்டுக்கல்லில் விசாரிக்கிற முறை மாறியது. இந்த வித்தியாசத்தை நாம் மறக்கக்கூடாது. இதைச் சொல்லும்போது, இந்த ஏற்பாட்டுக்கு ஓர் இளம்பெண்ணின் சாவு தேவைப்பட்டது என்ற அவமானத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

7

தாம்பரம் பக்கத்து வேலைக்களத்தின் வரலாறு நீளமானது. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் நடத்திய குரோம் லெதர் கம்பெனியால்தான். குரோம்பேட்டை, பல்லாவரம் தோல் பதனிடும் தொட்டிகளுக்குள் இறங்கிய கைகளில் நம் தாத்தாக்களின் கைகள் உண்டு. 1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தது. 2003இல் அது சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனது. அதற்கு உள்ளேயும் வெளியேயும் எத்தனையோ கம்பெனிகள் வந்தன, போயின. தோல் போய்த் துணி வந்தது. துணியோடு எலெக்ட்ரானிக்சும் கம்ப்யூட்டரும் வந்தன. 2021 நவம்பரில், பீனிக்ஸ் கட்டுரை வெளியான அதே வாரத்தில், தாம்பரம் மாநகராட்சி உருவானது. மேயர் பதவி ஆதிதிராவிடப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, 2022 மார்ச்சில் வசந்தகுமாரி கமலக்கண்ணன் முதல் மேயரானார். இது பெருமைதான். ஆனால் மாநகராட்சியில் வந்த இடஒதுக்கீடு எந்தக் கம்பெனியின் விசாரணை மேசைக்கும் வந்ததில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை சில. முதலாளிமேல் வரும் புகாரை முதலாளி அமர்த்தாத ஆட்கள் விசாரிக்க வேண்டும். பாலியல் தொல்லைக்கு மாவட்டக் குழு இருப்பதுபோல, வேலையிடத்துச் சாதிக் கொடுமைக்கும் முதலாளியின் கைக்கு எட்டாத ஒரு குழு வேண்டும். அதில் தலித் பெண்கள் உட்கார வேண்டும். கூட வேலை செய்கிறவர்களும் பொதுமக்கள்தான் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். சொன்னவர் மனசில் என்ன இருந்தது என்பதை அளவுகோலாக வைக்காமல், கேட்டவர்மேல் என்ன விழுந்தது என்பதை வைத்து விசாரிக்க வேண்டும். இவை எதுவும் தானாக வராது. திண்டுக்கல்லில் சங்கம் இருந்ததால் வந்தது. தாம்பரத்து லைன்களில் சங்கம் எங்கே என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதை எழுதி முடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. அத்தனை வருஷம் நூல் பார்த்த கண். பீனிக்ஸ் கதையைக் கவனமாகக் கேட்டார். 320 பேரை விசாரித்தார்கள் என்றபோது ஆச்சரியப்பட்டார்.

"அத்தினி பேருகிட்ட கேட்டாங்களா? உக்கார வச்சா, நிக்க வச்சா?"

தெரியவில்லை சின்னம்மா என்றேன். உட்கார வைத்துத்தான் கேட்டிருப்பார்கள் என்றேன்.

"எங்கள நிக்க வச்சிதான் கேட்டாங்க. லைன்ல இருந்த நாப்பது பேருல ஒருத்தியக் கூடக் கூப்புடல. கூப்புட்டிருந்தா சொல்லியிருப்பாளுங்க."

கொஞ்ச நேரம் கழித்து, அந்த மூன்று பேரின் பெயரையும் சொன்னார். வேலை போன மூன்று பேர். ஒருவர் இறந்துவிட்டார். மற்ற இருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். தேடிக்கொண்டிருக்கிறேன்.